அன்றாட வாழ்வில் இயேசுவைப் பற்றிப் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாத இடங்களைப் பற்றிய பக்கம் இது. பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர், பழைய வகுப்புத் தோழர், சொந்த அண்ணன் தம்பி என்று தினமும் முகம் பார்க்கிறவர்களிடம் நம் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது, எங்கே தடுமாறுகிறோம், ஏன் தடுமாறுகிறோம் என்பதற்கான பதில்கள் இங்கே.

சுவிசேஷம் சொல்வது என்றால் சரியாக எதைச் சொல்ல வேண்டும்?

பவுல் அதை 1 கொரிந்தியர் 15:3-4-இல் சுருக்கமாக வைத்திருக்கிறார்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். செய்தி இதுதான். எங்கள் சபை அன்பான சபை, பாட்டு மனதுக்கு இதமாக இருக்கும், ஜெபித்தால் வேலை கிடைக்கும் என்பவை உண்மையாகவே இருந்தாலும் அவை சுவிசேஷம் ஆகாது.

அதை அரை நிமிடத்தில், வழக்கமான பேச்சில் சொல்லிப் பழகுங்கள். இப்படி: "கடவுள் நம்மைத் தன்னோட வாழத்தான் படைச்சார். நாம அவரை விட்டுட்டு நம்ம வழியில போயிட்டோம். அந்தக் குற்றத்தை இயேசு தன் மேல ஏத்துக்கிட்டுச் சிலுவையில செத்தார். மூணாம் நாள் உயிரோட எழுந்தார். அவர்கிட்ட திரும்பி வர்றவங்களை அவர் மன்னிச்சு ஏத்துக்கிறார்." இதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை எந்த இடத்தில் திக்குகிறதோ அந்த வாக்கியத்தை மாற்றுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, சிலுவையை விட்டுவிட்டு அற்புதத்தை மட்டும் வாக்களிப்பது. "இயேசுவை நம்புங்க, கடன் தீரும்" என்று கேட்டு வந்தவர், ஆறு மாதம் கழித்தும் கடன் தீராவிட்டால் இயேசு பொய் சொன்னார் என்றே முடிவு செய்வார். இயேசு அந்த வாக்கைக் கொடுக்கவே இல்லை. கொடுத்தது நாம்.

என் நடத்தையைப் பார்த்தே புரிந்துகொள்வார்களே, வாய் திறந்து பேசத்தான் வேண்டுமா?

வேண்டும். நடத்தையை மட்டும் பார்க்கிறவர் உங்களைத்தான் பாராட்டுவார்: "தங்கமான மனுஷன்." அந்தக் குணத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது சொல்லாமல் தெரியாது. கேள்விப்படாவிட்டால் எப்படி விசுவாசிப்பார்கள் என்று ரோமர் 10:14 கேட்பது இதைத்தான்.

ஆனால் நிறையப் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தில் குஷ்டரோகியான நாகமானின் வீட்டில் அடிமையாக இருந்த சிறுமி சொன்னது ஒரே வாக்கியம்: என் ஆண்டவன் சமாரியாவிலிருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் நலமாயிருக்கும். அவளுடைய பெயர்கூட அங்கே எழுதப்படவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு படைத்தலைவன் புறப்பட்டுப் போனான். அவள் சொன்னதை அந்த வீடு நம்பியது என்றால், அதற்கு முன்பு அவள் அந்த வீட்டில் எப்படி வாழ்ந்திருப்பாள் என்றும் யோசிக்க வேண்டும். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காதவர், அலுவலகத்தில் புறம் பேசுகிறவர், வீட்டு வேலை செய்கிறவரிடம் கடுகடுப்பாகப் பேசுகிறவர் சாட்சி சொல்லத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. கடனைக் கொடுங்கள், மன்னிப்புக் கேளுங்கள். சில சமயம் அந்த மன்னிப்புக் கேட்டலே முதல் சாட்சியாக அமையும்.

யாரிடமிருந்து தொடங்குவது?

புதிய ஆட்களைத் தேடாதீர்கள். ஒரு தாளில் ஐந்து பெயர்களை எழுதுங்கள்: மாதம் இருமுறையாவது நேரில் பார்க்கிறவர்கள், நீங்கள் கூப்பிட்டால் வருகிறவர்கள், அவர்கள் கூப்பிட்டால் நீங்கள் போகிறவர்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். இருபது பெயர் எழுதினால் இரண்டாம் வாரமே தாள் காணாமல் போகும். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு பெயரைச் சொல்லி இரண்டு நிமிடம் ஜெபியுங்கள். "இவரை இரட்சியும்" என்று மட்டும் சொல்லாமல், அவருடைய இந்த வாரத்துக் கவலையை எடுத்துச் சொல்லி ஜெபியுங்கள். அந்தக் கவலை என்னவென்று தெரியவில்லையா? அப்படியானால் இந்த வாரம் உங்கள் வேலை பேசுவதல்ல, கேட்பது.

பிசாசுகள் நீங்கிச் சுகமடைந்த மனிதன் இயேசுவோடு வரக் கெஞ்சியபோது அவர் அனுமதிக்கவில்லை. உன் வீட்டிற்குப் போய், கர்த்தர் உனக்கு இரங்கிச் செய்ததை அறிவி என்றார் (மாற்கு 5:19). அவனைத் தெரிந்தவர்களிடம்தான் அவன் அனுப்பப்பட்டான்.

பேச்சை எப்படி இயேசுவின் பக்கம் கொண்டுபோவது? திடீரென்று ஆரம்பித்தால் செயற்கையாக இருக்கிறது.

செயற்கையாக இருப்பதற்குக் காரணம், மற்ற நேரமெல்லாம் விசுவாசத்தை மறைத்து வைத்துவிட்டு ஒரு நாள் மொத்தமாக வெளியே எடுப்பது. மறைக்காமல் இருந்தாலே போதும். "லீவு நாள் எப்படிப் போச்சு?" என்று கேட்கிறார்கள். சினிமா பார்த்தோம், தூங்கினோம் என்று சொல்கிற நாம் சபைக்குப் போனதை மட்டும் விழுங்கிவிடுகிறோம். அதைச் சொல்லுங்கள், அதில் ஒரு விஷயத்தையும் சேர்த்து: "சபைக்குப் போயிருந்தேன். மன்னிக்கிறதைப் பத்தி ஒரு பகுதி வாசிச்சாங்க. எனக்கு ஒருத்தரோட இன்னும் தீராத கணக்கு ஒண்ணு இருக்கு, அதனால மனசுல அதுவே ஓடிட்டு இருக்கு." இவ்வளவுதான். பிறகு நிறுத்துங்கள். அவர் கேட்டால் தொடருங்கள். கேட்காவிட்டால் பேச்சு வேறு பக்கம் போகட்டும். கதவு திறந்தே இருக்கிறது.

இயேசு பேசிய விதத்தைக் கவனியுங்கள். யோவான் 4-இல் சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். லூக்கா 24-இல் எம்மாவு வழியில் நடந்த இருவரிடம், என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, எல்லாம் தெரிந்திருந்தும் அவர்களை முழுவதும் பேச விட்டார். நாமோ எதிரில் இருப்பவர் மூச்சு விடுகிற இடைவெளிக்காகக் காத்திருந்து நம் வசனத்தை நுழைக்கிறோம். அவர் பேசும்போது உங்கள் மனம் அடுத்த பதிலைத் தயாரித்துக்கொண்டிருந்தால் நீங்கள் கேட்கவில்லை என்று அர்த்தம். அது அவருக்கும் தெரிந்துவிடும்.

என் சாட்சியை எப்படித் தயாரிப்பது?

மூன்று நிமிடத்துக்குள். முன்பு என்ன நிலை (அரை நிமிடம்), இயேசுவை எப்படி அறிந்தேன் (ஒரு நிமிடம்), இப்போது என்ன மாறியிருக்கிறது, இன்னும் எது மாறவில்லை (ஒரு நிமிடம்). அகிரிப்பா ராஜாவுக்கு முன் பவுல் பேசியதும் (அப்போஸ்தலர் 26) இதே வரிசைதான்: முன் வாழ்க்கை, தமஸ்கு வழியில் நடந்தது, அதன் பின் கீழ்ப்படிந்தது. எழுதிப் பாருங்கள், சத்தமாக வாசியுங்கள், கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். பிறகு தாளை மறந்துவிடுங்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற சாட்சி விளம்பரம் போலக் கேட்கும்.

இதில் கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. பழைய வாழ்க்கைக்குக் கூடுதல் கறுப்பு பூசுவது முதலாவது. உங்களைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். இரண்டாவது, "இப்ப எனக்கு ஒரு கவலையும் இல்ல" என்று முடிப்பது. அது உண்மையல்ல, கேட்பவருக்கும் அது தெரியும். "கோபம் இன்னும் வருது. ஆனா முன்னெல்லாம் நானா போய் மன்னிப்புக் கேட்டதே இல்ல" என்பதில் இருக்கும் நம்பகம் அதில் இல்லை. மூன்றாவது, இயேசுவின் பெயர் கடைசி வரை வராமல் "ஒரு சமாதானம் கிடைச்சது" என்று நிறுத்திவிடுவது.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்கள், தங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று தயங்குகிறார்கள். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது. அதைப் பவுல் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் சாட்சி வேறு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: சொல்லிக் கொடுத்ததை எந்தச் சூழலில் நீங்களே நம்பத் தொடங்கினீர்கள், ஏன் இன்னும் விடாமல் இருக்கிறீர்கள்?

நான் சொல்வது அவருக்குப் புரிவதே இல்லை. ஏன்?

பெரும்பாலும் சொற்கள்தான் காரணம். சபைக்குள் நமக்குத் தினப்படி பழகிய சொற்களுக்கு வெளியே வேறு பொருள் இருக்கிறது. இதில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

"பாவம்" என்று சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்பவர் நாள் முழுக்கச் சொல்வது "ஐயோ பாவம்" என்ற இரக்கத்தில். அல்லது கொலை, களவு போன்ற பெருங்குற்றங்களுக்கு. "நீங்களும் பாவிதான்" என்றால், "நான் யார் குடியைக் கெடுத்தேன்?" என்றுதான் அவருக்குத் தோன்றும். கடவுளை ஒதுக்கிவிட்டு நம் இஷ்டப்படி வாழ்வது, செய்ய வேண்டியது தெரிந்தும் செய்யாமல் விடுவது, மனதில் வஞ்சம் வைத்திருப்பது என்று விரித்துச் சொன்னால் யாரும் தன்னை அதில் அடையாளம் கண்டுகொள்வார். சொல்லும்போது "நாம" என்று சொல்லுங்கள், "நீங்க" என்று வேண்டாம்.

"விசுவாசம்" என்றால் வெளியே நன்றியுள்ள நாயின் குணம், முதலாளிக்கு உண்மையாக இருப்பது. நாம் சொல்ல வருவது "நம்பிக்கை", இன்னும் சரியாக "நம்பி என்னை ஒப்படைப்பது". "சாட்சி" என்றால் நீதிமன்றம். "ஊழியர்" என்றால் ஏதோ ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர். "அபிஷேகம்" என்றால் சிலைக்குச் செய்வது. "இரட்சிக்கப்பட்டேன்" என்றால் எதிலிருந்து என்ற கேள்வி நிற்கிறது: "கடவுள் என்னை மன்னிச்சுத் தன் பிள்ளையா ஏத்துக்கிட்டார்" என்று சொல்லலாம். "கிருபை" என்பதற்கு "தகுதி பார்க்காமல் காட்டும் தயவு". "கர்த்தர்" என்பதற்குக் "கடவுள்". "ஆத்தும பாரம்", "தொடப்பட்டேன்", "ஆவிக்குள் நிறைந்து" ஆகியவற்றைச் சபைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

"அவிசுவாசி", "புறஜாதியார்" என்று நண்பரை அவர் இருக்கும்போதும் சொல்லாதீர்கள், இல்லாதபோதும் சொல்லாதீர்கள். அவர் கும்பிடுவதைக் கேலி செய்வதும் வேண்டாம். அத்தேனே பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருப்பதைக் கண்டு பவுலின் ஆவி வைராக்கியம் அடைந்தது. ஆனாலும் அவர் பேச எழுந்தபோது திட்டவில்லை, "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த அவர்களுடைய பலிபீடத்தையே தொடக்கமாக எடுத்துக்கொண்டார்.

பதில் தெரியாத கேள்வி கேட்டுவிட்டால்?

"எனக்கு இப்பத் தெரியல. பார்த்துட்டு வந்து சொல்றேன்." இதைச் சொல்லிவிட்டு, ஒரு வாரத்துக்குள் உண்மையாகவே பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். உளறி மாட்டிக்கொள்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். இரண்டாம் முறை பேசவும் நியாயமான காரணம் கிடைக்கிறது. யோவான் 9-இல் இயேசுவால் பார்வை பெற்றவனை யூத மதத் தலைவர்களான பரிசேயர் குடைந்தபோது, அவர் பாவியா என்று எனக்குத் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன் என்றான். தெரிந்ததை உறுதியாகவும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னான்.

அடிக்கடி வரும் சில கேள்விகளுக்கு மட்டும் முன்கூட்டியே யோசித்து வைக்கலாம்.

"எல்லா மதமும் ஒண்ணுதானே சொல்லுது?" வாதாடாமல், "அப்படி உங்களுக்குத் தோணுறது எதனாலன்னு சொல்லுங்களேன்" என்று முதலில் கேளுங்கள். பிறகு, நல்லொழுக்கத்தில் பல பொதுவான போதனைகள் இருப்பதை மனதார ஒப்புக்கொள்ளுங்கள். வேறுபாடு எங்கே என்றால், கிறிஸ்தவ விசுவாசம் ஒரு போதனையின் மேல் நிற்கவில்லை. ஒருவர் இறந்து உயிர்த்தெழுந்தார் என்ற நிகழ்வின் மேல் நிற்கிறது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15:17). ஆகவே "நடந்ததா, இல்லையா?" என்று ஆராய அவரை அழையுங்கள்.

"இயேசு நிஜமாவே வாழ்ந்தாரா?" பைபிளுக்கு வெளியேயும் சான்று உண்டு. ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியதில், திபேரியு ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார். அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர். அவர்களுக்குச் சாதகமாக எழுதக் காரணமே இல்லாதவர். இது உயிர்த்தெழுதலை நிரூபிக்காது. இயேசு வாழ்ந்தார், பிலாத்துவின் காலத்தில் கொல்லப்பட்டார் என்பதற்கு மட்டும் வலுச் சேர்க்கும். அதற்கு மேல் அதை இழுக்காதீர்கள்.

"கிறிஸ்தவங்களே ஒழுங்கா இல்லையே?" இதற்குத் தற்காப்பு வேண்டாம். பல சமயம் இது கேள்வியே அல்ல, காயம். யாரோ ஒரு கிறிஸ்தவர் அவரை ஏமாற்றியிருப்பார். "என்ன நடந்தது?" என்று கேட்டு, முழுவதையும் கேளுங்கள்.

துக்கத்தில் இருப்பவரிடம் பேசலாமா?

போங்கள், ஆனால் பேச அவசரப்படாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவனுடைய கோபம் அவர்கள் மேல் வந்தது.

"இது கடவுளோட சித்தம்", "ஏதோ பாவம் இருக்கும்", "இயேசுவை நம்பியிருந்தா இப்படி ஆகியிருக்காது" என்ற மூன்றையும் ஒருபோதும் சொல்லாதீர்கள். சீலோவாமின் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார் இயேசு (லூக்கா 13:4-5). லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில், அவனை எழுப்பப் போகிறார் என்று தெரிந்திருந்தும் அழுதார். துக்க வீட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், நாற்காலி போடுங்கள், மருத்துவமனை காகிதங்களுக்கு அலையுங்கள். பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு மறுபடியும் போங்கள். அவர் மனம் விட்டுப் பேசினால் அப்போதுதான் பேசுவார்.

அவருக்காக அவர் முன்னாலேயே ஜெபிக்கலாமா?

கேட்டுவிட்டு ஜெபியுங்கள். "உங்களுக்காக இயேசுகிட்ட ஜெபிக்கட்டுமா? இப்பவா, இல்ல நான் வீட்டுக்குப் போய் ஜெபிக்கட்டுமா?" என்று இரண்டு வழியையும் வைத்தால் மறுக்கிறவருக்கும் சங்கடம் இல்லை. சரி என்றால், அரை நிமிடம் போதும். சாதாரணக் குரலில், அவர் சொன்ன விஷயத்தை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள். தலையில் கை வைக்காதீர்கள். சத்தத்தை உயர்த்தாதீர்கள். ஜெபத்துக்குள் அவருக்குப் பிரசங்கம் செய்யாதீர்கள். கண்ணை மூடியிருக்கும் ஒருவரைப் பிடித்து வைத்து அறிவுரை சொல்வது நியாயமில்லை. நாலைந்து நாள் கழித்து "என்ன ஆச்சு?" என்று கேட்க மறக்காதீர்கள். மறந்தால், அன்று செய்த ஜெபம் வெறும் சம்பிரதாயமாக அவர் மனதில் பதிந்துவிடும்.

வீட்டில் உள்ளவர்களிடம் சொல்வதுதான் மிகக் கடினமாக இருக்கிறது.

ஆம். இயேசுவின் சகோதரரே அவர் ஊழியம் செய்த நாட்களில் அவரை விசுவாசிக்கவில்லை (யோவான் 7:5). உயிர்த்தெழுந்தபின் அவர் அந்தச் சகோதரரில் ஒருவரான யாக்கோபுக்குத் தரிசனமானார். அப்போஸ்தலர் 1:14-இல் சகோதரர்கள் ஜெபக்கூட்டத்தில் இருக்கிறார்கள். முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில் எத்தனை மனவருத்தமான சாப்பாட்டு நேரங்கள் இருந்திருக்கும்!

வீட்டில் வார்த்தையைக் குறைத்து நடத்தையைக் கூட்டுங்கள். 1 பேதுரு 3:1 மனைவிகளுக்குச் சொல்வது, போதனையில்லாமல் நடக்கையினாலே ஆதாயப்படுத்துவதைப் பற்றி. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் செய்கிற பெரிய தவறு, முதல் வாரத்திலேயே வீட்டிலுள்ள வழிபாட்டுப் பொருட்கள்மேல் கை வைப்பது, பெற்றோர் செய்வதைப் பழிப்பது. அந்த வீடு அவர்களுடையது. முன்பைவிட அதிகமாக அம்மாவுக்கு உதவுங்கள், அப்பாவிடம் முன்பைவிடப் பணிவாகப் பேசுங்கள். அவர்கள் மனதிலுள்ள முதல் பயம் "பிள்ளை நம்மை விட்டுப் போய்விடும்" என்பதுதான். அந்தப் பயம் தணியாமல் வேறு எதுவும் காதில் ஏறாது.

வேலை செய்யும் இடத்தில்?

வேலை நேரம் நிறுவனத்துக்குச் சொந்தம். இடைவேளையில், வேலை முடிந்த பின் பேசுங்கள்; நிறுவனத்தின் விதி இதைத் தடுக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது, உங்கள் கீழ் வேலை செய்கிறவர், உங்களிடம் படிக்கிற மாணவர், உங்களிடம் சிகிச்சை பெறுகிற நோயாளி ஆகியோரிடம் நீங்களாக ஆரம்பிக்காமல் இருப்பது. அவர்களால் உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் சொல்லும் "சரி"க்கு மதிப்பும் இல்லை.

உதவி செய்துகொண்டே சுவிசேஷமும் சொல்லலாமா?

உதவியை உதவியாக மட்டும் செய்யுங்கள். பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு எதிர்பார்ப்பது விலை பேசுவதாகும். சீமோன் என்ற மாயவித்தைக்காரன் பணம் கொடுத்துத் தேவனுடைய வரத்தை வாங்கப் பார்த்தபோது பேதுரு கடுமையாகத் திட்டினார். பணம் கொடுத்து விசுவாசத்தை வாங்கப் பார்ப்பதும் அதே பாவத்தின் மறுபக்கம். 2011-இல் உலகத் திருச்சபைகளின் மன்றம், கத்தோலிக்கத் திருச்சபையின் பல்சமய உரையாடல் மன்றம், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்ட சாட்சி நெறிமுறை, பணமோ பொருளோ காட்டி ஈர்ப்பதையும், பிறருடைய வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதையும் வெளிப்படையாக மறுக்கிறது. பல விஷயங்களில் ஒத்துப்போகாத இந்த மூன்று அமைப்புகளும் இதில் ஒத்துப்போயின.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் அனுமதி இல்லாமல் எதுவும் வேண்டாம்: கதைப் புத்தகம் கொடுப்பதும், ஞாயிறு பள்ளிக்குக் கூப்பிடுவதும் உட்பட. "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டி வந்தால், செய்வது தவறு என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

வாசிக்க எதைக் கொடுப்பது?

முழு வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் ஆதியாகமத்தில் தொடங்கி, லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில் களைத்து, மூடி வைத்துவிடுவார். மாற்கு சுவிசேஷம் மட்டும் தனிப் புத்தகமாகக் கிடைத்தால் அதைக் கொடுங்கள். 16 அதிகாரம், ஒரே மூச்சில் வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். மொழியையும் பாருங்கள். சபைகளில் அதிகம் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 19-ஆம் நூற்றாண்டின் தமிழில் இருக்கிறது. நமக்கு அது தாய்ப்பால் போல, புதியவருக்குக் கல்வெட்டு போல. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் போன்ற இக்கால நடை மொழிபெயர்ப்பு அவருக்கு எளிது.

கொடுத்துவிட்டு விடாமல், சேர்ந்து வாசிக்க முடிந்தால் அதுவே சிறந்த வழி. வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், இரண்டு அதிகாரம். எட்டு வாரத்தில் மாற்கு முடிந்துவிடும். "எட்டு வாரம்தான்" என்று முதலிலேயே சொல்லுங்கள், முடிவு தெரியாத ஏற்பாட்டுக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவ்வளவு நேரமில்லை என்றால் மாற்கு 2:1-12-ஐ மட்டும் ஒரு நாள் வாசியுங்கள். கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள். எல்லாரும் சுகத்துக்காகக் காத்திருக்க, இயேசு முதலில் சொல்வது "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது" என்று. இவர் தன்னை யாரென்று நினைக்கிறார் என்ற கேள்வி அங்கே தானாகவே எழும்.

வாசித்தபின் கேட்க நான்கு கேள்வி போதும். இங்கே என்ன நடந்தது? உங்களுக்கு எது ஆச்சரியமாக, அல்லது உறுத்தலாக இருந்தது? இயேசு எப்படிப்பட்டவர் என்று இதில் தெரிகிறது? இது உண்மையானால் நம் வாழ்க்கையில் என்ன மாறும்? அவர் முதலில் பதில் சொல்லட்டும். பத்து விநாடி மௌனம் வந்தால் பயந்து நீங்களே நிரப்பிவிடாதீர்கள், அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் வேதப்பாடம் எடுக்கத் தொடங்கிய நாளில் அவர் மாணவராகிவிடுவார், மூன்றாம் வாரம் வேலை இருக்கிறது என்பார்.

கடைசி அதிகாரத்துக்குத் தயாராக இருங்கள். பல புதிய மொழிபெயர்ப்புகளில் மாற்கு 16:9-20 அடைப்புக்குறிக்குள் இருக்கும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் இரண்டில், 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவற்றில், மாற்கு 16:8-உடன் முடிகிறது. இதை மறைக்காமல் சொல்லுங்கள். கல்லறை காலியாக இருந்தது என்பது 8-ஆம் வசனத்துக்கு முன்பே வந்துவிடுகிறது.

வாட்சாப்பில் வசனம் அனுப்புவது?

தினமும் காலையில் எல்லாருக்கும் போகிற பூப்படத்தை யாரும் வாசிப்பதில்லை. ஒருவருடைய ஒரு சூழ்நிலையை நினைத்து, அவருக்கு மட்டும், உங்கள் சொந்த வரி ஒன்றோடு அனுப்புங்கள். அலுவலகக் குழுவிலும் குடும்பக் குழுவிலும் மத விவாதம் வேண்டாம். நாற்பது பேர் பார்க்க யாரும் மனம் மாற மாட்டார்கள், தோற்காமல் இருக்கத்தான் பார்ப்பார்கள்.

"இதைப் பற்றி இனிமேல் என்னிடம் பேசாதே" என்று சொல்லிவிட்டார்.

பேசாதீர்கள். "சரி, புரியுது. சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லி, சொன்னபடி இருங்கள். ஐசுவரியவான் துக்கத்தோடு திரும்பிப் போனபோது இயேசு பின்னால் ஓடவில்லை. போவதற்கு முன் அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு 10:21 சொல்கிறது. இரண்டையும் செய்யுங்கள். நட்பு அதே போல் தொடரட்டும்: அதே தேநீர், அதே அரட்டை, அவர் வீட்டுத் திருமணத்துக்கு அதே முதல் ஆளாகப் போவது. பேச்சு நின்றதும் நீங்களும் நின்றுவிட்டால், இத்தனை நாள் காட்டிய அன்பு தூண்டிலில் கோத்த புழு என்றுதான் அவர் நினைப்பார். அப்படி நினைப்பது சரியாகவும் இருக்கும்.

"நானும் இயேசுவை நம்ப விரும்புகிறேன்" என்கிறார். அடுத்து என்ன?

மகிழ்ச்சியில் அவசரப்படாதீர்கள். முதலில், "என்ன புரிஞ்சுதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். சிலுவையும் உயிர்த்தெழுதலும் அதில் இருக்கிறதா, அல்லது உங்கள்மேல் உள்ள நன்றிக்காகச் சொல்கிறாரா என்று தெரியும். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னதை (லூக்கா 14:28) அவரோடு சேர்ந்து வாசியுங்கள். வீட்டில் என்ன சொல்வார்கள், எதை இழக்க நேரிடும் என்று திறந்து பேசுங்கள். பின்பு அவரே தன் வார்த்தையில் ஜெபிக்கட்டும். "இயேசுவே, மன்னியும், உம்மை நம்புகிறேன்" என்ற அளவிலிருந்தாலும் போதும்.

அன்றைக்கே படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள், சபை மேடையில் ஏற்றாதீர்கள். பெயர் மாற்றவும் உடை மாற்றவும் யாரும் சொல்ல வேண்டாம். அவருடைய வீட்டில் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஞானஸ்நானத்துக்குப் போதகரோடு நேரம் எடுத்துப் பேசட்டும். ஒருவர் தன் மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை 1948-ஆம் ஆண்டு ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவு அங்கீகரிக்கிறது. ஆனாலும் சில இடங்களில் மதமாற்றத்துக்குத் தனிச் சட்டங்களும் அறிவிப்பு நடைமுறைகளும் உண்டு. விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறையாவது சந்தியுங்கள். அடுத்து யோவான் சுவிசேஷம், 21 அதிகாரம். உங்களை மட்டுமே சார்ந்து நிற்காதபடி, விசுவாசத்தில் முதிர்ந்த இன்னும் இரண்டு மூன்று பேரை அறிமுகம் செய்யுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

பாரசீக ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாக இருந்த நெகேமியாவுக்கும் இருந்தது, "மிகவும் பயந்தேன்" என்றே எழுதுகிறார். ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினேன் என்கிறார் (நெகேமியா 2:4). கண்ணை மூடவும் நேரமில்லாத ஜெபம் அது. உங்களுக்கும் அந்த அளவு நேரம் இருக்கும். ஒருவருடைய மனதைத் திறப்பது உங்கள் பொறுப்பில் இல்லை; பிலிப்பி பட்டணத்தில் லீதியாள் என்ற பெண்ணின் இருதயத்தைக் கர்த்தர் திறந்தார், பவுல் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசினார், அவ்வளவுதான்.

முதல் முறையாக ஒருவரைச் சபைக்கு அழைத்துப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று முந்தைய நாளே சொல்லுங்கள்: பாட்டு, ஜெபம், பிரசங்கம், காணிக்கை. காணிக்கைப் பை வரும்போது அவர் எதுவும் போட வேண்டியதில்லை என்றும், திருவிருந்து இருந்தால் உட்கார்ந்தே இருக்கலாம் என்றும் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டில்தான் புதியவர்கள் அதிகம் தவிக்கிறார்கள். வாசலில் சந்திக்கிறேன் என்று சொல்லாமல், வீட்டிலிருந்தே கூட்டிப் போங்கள். முன்வரிசை வேண்டாம், எழுந்து வெளியே போக வசதியான இடத்தில் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். வேத பகுதியைப் புத்தகத்தில் எடுத்து விரலால் காட்டுங்கள். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கம் இருந்தால், அவரைச் சொல்ல வேண்டாம் என்று போதகரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் உங்கள் வழக்கமான நண்பர்களோடு பேசப் போய்விடாதீர்கள். அவரோடு நடந்து வாருங்கள். "பிடிச்சிருந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லா இருந்தது" என்பார், பேச்சு முடிந்துவிடும். "எது புரியாம இருந்தது?" என்று கேளுங்கள்.